குட்டியை அடித்தது யார் என்று கேட்டவர்

சத்துவாச்சாரியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சிரிக்காத முகம். முன்கைகள் இரண்டிலும் பழைய பல்தடங்கள். எந்த நாய் வந்தாலும் உடனே தொடமாட்டார். தரையில் உட்கார்ந்து, அதுவாக வந்து முகரும்வரை காத்திருப்பார்.

எங்கள் மூன்று மாதக் குட்டியை அவரிடம் கொண்டுபோனேன். ஷூ கம்பெனி வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தாலே அது ஒன்றுக்குப் போய்விடும். திமிர் என்று நினைத்துச் செருப்பால் அடித்துவந்தேன்.

அவர் அதை மேசைமேல் நிறுத்தி முடியைச் சீவிக்கொண்டிருந்தபோது, கழன்ற செருப்பை மாட்டக் குனிந்தேன். குட்டி மேசைமேலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

அவர் சீவுவதை நிறுத்தினார். "இத யாரு சார் அடிக்கறது?"

"யாரும் இல்லியே."

"பயத்துல போவுது சார். 'அடங்கிட்டேன், உட்டுடு'ன்னு சொல்லுது. அதுக்கும் அடிச்சா இன்னும் ஜாஸ்தியாதான் போவும்."

நகம் வெட்டி, குளிப்பாட்டித் துவட்டி, குட்டியை என் கையில் கொடுத்தார்.

அன்றோடு அடிப்பதை விட்டேன். ஆனால் ஒரு வருடமாகியும் என் வண்டிச் சத்தம் கேட்டால் நாய் கட்டிலுக்கடியில் ஓடி நனைத்துக்கொள்கிறது. இப்போது மனைவிதான் அதைக் கடைக்குக் கூட்டிப்போகிறாள்.

"சார் வந்தா இன்னும் போவுதா?" என்று போன மாதம் அந்தப் பெண் அவளிடம் கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறாள். அவர் நாயைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

இப்போது நான் அடிப்பதில்லை என்று நேரில் போய்ச் சொல்லலாம். அவர் நம்பமாட்டார். கேட்ட அன்றைக்கே பொய் சொன்னவன் நான்.