கறுப்பு அம்பாசிடரும் எங்கள் மாமாவும்

செய்தி வந்தபோது நான் மலையடிவாரக் குப்பனூரில் என் அம்மாவுக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஏற்காட்டிலிருந்து அக்கா போனில் பேசினாள். "மாமா போயிட்டாரு சாமி. ஷெட்டுல, காருகிட்ட. துணி கையிலயே இருக்குது" என்றாள். அழவில்லை. பிறகு, "மெழுகு பூசுனது அப்பிடியே காயுது, என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டாள். புருஷன் கண்மூடி அரைமணி நேரம் ஆகாத ஒருத்தி கேட்கிற கேள்வியா இது? அந்த வீட்டில் அதுதான் முதல் கேள்வி. அப்படிப் பழக்கி வைத்திருந்தார் மாமா.

"கெடக்குது உடுக்கா" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மாமாவின் பெயர் தனசேகரன். என் அக்கா ராஜாமணியின் கணவர். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைவீதியில் அவரைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். அவருடைய காரைத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய நண்பர்கள் படத்திறப்பன்று ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "ஆபீசுல எழுதிப் பழகுனவங்க நீங்க, நாலு வார்த்தை நல்லதா எழுதிக் குடுங்க" என்று வந்து கேட்டார்கள். பஞ்சாயத்து ஆபீசில் நான் எழுதிப் பழகியதெல்லாம் வரி ரசீதுதான். நல்லதாக எழுத வருமோ என்னவோ, உள்ளதை எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

கல்யாணமான புதிதில் மாமா அந்தக் காரை வாங்கினார். எஸ்டேட் முதலாளி ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன அம்பாசிடர். கன்னங்கரேல் என்று இருக்கும். "வெள்ளையா வாங்கக் கூடாதுங்களா மாமா?" என்று கேட்டேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளக் கார் வெச்சிருக்கறவன் தூங்குவான் கண்ணு. கறுப்புக் கார் வெச்சிருக்கறவன் தூங்கக் கூடாது. கறுப்புல ஈ உக்காந்து எந்திரிச்சாக்கூடத் தெரியும்" என்றார். அன்றைக்கு அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். நாசமாய்ப் போன சிரிப்பு.

அவருடைய வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் காரைத் தொடமாட்டார். தகரம் சூடேறினால் மெழுகு திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளுமாம், அதனால் எல்லாம் ஷெட்டு நிழலில். முதலில் தண்ணீரை ஊற்றி ஊற்றியே செம்மண் தூசியை இறக்குவார். அது இறங்கும்வரை துணி படக் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீர், துணியை அலச வேறொரு பக்கெட். கீறல் தெரிந்த இடத்தில் பாலீஷ், அதற்கு மேல் மெழுகு, விரல் நுனியில் துணி சுற்றி எடுத்துப் பட்டும் படாமலும். மெழுகு காய்ந்து வெள்ளையாக மங்கியதும் அக்காவைக் கூப்பிடுவார். துடைப்பது அக்காவின் வேலை. பழைய வேட்டித் துணியால் நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சிலந்திவலை மாதிரி தெரிந்துவிடும். துடைக்க வருமுன் வளையலைக் கழற்றி ஷெட்டு ஆணியில் மாட்டிவிட வேண்டும். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். "தங்கமோ தகரமோ, பெயிண்டுக்கு அல்லாம் ஒண்ணுதான் ராஜாமணி" என்பார் மாமா. குழந்தை இல்லாத வீடு. குழந்தையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜையன்று ஊரே வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பும். மாமா ஒரு அட்டையை வெட்டி, அட்டைக்குப் பொட்டு வைத்து, அதைக் காருக்கு முன்னால் தரையில் சாய்த்து வைப்பார். சந்தனம் காய்ந்தால் பெயிண்டைத் தின்றுவிடுமாம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கினால் சாறு தெறிக்கும் என்று அக்காவைக் காலால் நசுக்கச் சொல்வார். அவளும் நசுக்குவாள். கடைவீதியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது ஒரு மார்கழியில். விருந்தாளிகள் வருகிறார்களே, கார் பனி பூத்து அழுக்காக நிற்கிறதே என்று அக்கா அவசரத்தில் தண்ணீர் ஊற்றாமலே முந்தானையால் பானெட்டைத் துடைத்துவிட்டாள். பனிக்கு அடியில் தூசி இருந்திருக்கிறது. மயிரிழை மயிரிழையாகக் கீறல். மாமா கையை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. வந்த விருந்தாளிகளை ஒவ்வொருவராக ஷெட்டுக்கு அழைத்துப் போய், டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்க, எங்க ஊட்டம்மா போட்ட கோலமுங்க" என்றார். அந்தக் கோலத்தை நானும் பார்த்தேன், லாட்ஜ் சமையல்காரர் பார்த்தார், பால்காரர் பார்த்தார். எல்லோருக்கும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது அக்கா. இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட அன்றோடு போயிருக்கும்.

இனி அம்மா கதைக்கு வருகிறேன். மற்றதெல்லாம் போகட்டும், இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா தவறிய பிறகு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். மாமாவும் சரி என்றுதான் காரை எடுத்துக்கொண்டு குப்பனூர் வந்தார். மலையேறும்போது வளைவில் அம்மாவுக்குக் குமட்டி, ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துவிட்டாள். கதவெல்லாம் வழிந்தது. மாமா வண்டியை நிறுத்தினார். அம்மாவை இறக்கி ரோட்டோரம் நிற்கவைத்தார். கேனில் இருந்த தண்ணீரை எடுத்து முதலில் கதவைக் கழுவினார். மிச்சம் இருந்ததை அம்மாவிடம் கொடுத்து, "வாய் கொப்புளிச்சுக்கோங்க" என்றார். பிறகு கீழே போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி அம்மாவை ஏற்றிவிட்டார். முன் சீட்டில் இருந்த அக்கா இறங்க முயன்றபோது, "நீ எங்க போற? ஊட்டுக்குப் போயி ஒடனே மெழுகு போடோணும்" என்றாராம்.

அம்மா புளிச்ச வாயோடு தனியாக வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு ஒன்று சொன்னாள்: "எறக்கி உட்டவரே வந்து, அதே காருல ஏத்திட்டுப் போகோணும். இல்லீன்னா மக ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்." மகள் வீட்டில் போய்த் தங்குவதென்றால் மாப்பிள்ளை வாயால் அழைத்திருக்க வேண்டும், நடுரோட்டில் இறக்கிவிடப்பட்ட மாமியார் ஜீப் பிடித்துப் போய் நின்றால் மானம் என்ன ஆகும்? ரோஷக்காரி. அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

அக்கா கெஞ்சாத நாள் இல்லை. மாமா மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம். "மழ உடட்டும்." "பனிக்காலத்துல மெழுகு புடிக்காது, தை பொறக்கட்டும்." "இப்பத்தான் பாலீஷ் போட்டிருக்குது, குப்பனூர் ரோட்டுல ஜல்லி தெறிக்கும்." சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே கூட்டிப்போகலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். திருவிழாவும் வரும், போகும். அக்கா மட்டும் பஸ்ஸில் கீழே வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கு முட்டிவலி வந்த பிறகு அதுவும் குறைந்தது.

நானே ஒருமுறை நேரில் போய்க் கேட்டேன். "ஏனுங்க மாமா, ஒரு பெரிய மனுஷிகிட்ட வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க கொறைஞ்சு போவுது?"

மாமா கதவைத் துடைத்தபடியே சொன்னார்: "உங்கம்மா கக்குனது எங்கயோ போயிருச்சு கண்ணு. அந்த எடத்துல பெயிண்டு மங்குனது நொம்ப நாளு போகலீங்கிறது உனக்குத் தெரியுமா?"

நான் ஒரு காப்பிகூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

அப்புறம் அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. முதலில் சாப்பிட்டது மறந்தது. பிறகு அப்பா இறந்தது மறந்தது. தினமும் கண்ணில் படுகிற என்னை ஞாபகத்தில் வைத்துக்கொண்டாள். எப்போதோ வருகிற அக்காவை விட்டுவிட்டாள். ஆனால் "ராஜாமணி எப்ப வருவா?" என்று மட்டும் காலையில் எழுந்ததும் கேட்பாள். அக்காவே எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் அக்காவிடமே அதைக் கேட்டாள்.

இதைக் கேட்டபிறகுதான் மாமா மனம் இறங்கினாராம். "மெழுகு போட்டுட்டு, வர்ற வெள்ளிக்கெழம போயிக் கூட்டியாந்தர்லாம்" என்றாராம். அந்த மெழுகைப் போடும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாவுக்காகத்தான் அன்றைக்கு மெழுகு போட்டார் என்று அக்கா சத்தியம் செய்கிறாள். நான் நம்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் ஏதாவது ஒரு மழை பெய்திருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஷெட்டில் கார் பளபளவென்று நின்றது. அக்கா துடைத்து முடித்திருந்தாள். "பாதியில உட்டாத் திட்டுவாருன்னு கை தன்னால ஓடுச்சு சாமி" என்றாள். சடங்குக்கு வந்த பெண்கள் வளையலை உடைக்க அவள் கையைப் பிடித்தார்கள். கை வெறுங்கையாக இருந்தது. வளையல் ஷெட்டு ஆணியில் தொங்கியது. ஒருத்தி போய் எடுத்துவந்தாள், அக்காவுக்குப் போட்டுவிட்டு, பிறகு உடைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, என்னையும் சொல்ல வேண்டும்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா ஷெட்டைப் பார்த்துச் சொன்னாள்: "இனி அந்தக் கருமத்தத் தொட மாட்டேன். மழையில நிக்கட்டும், காக்கா எச்சம் போடட்டும்." எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அழுதவர்கள் நடுவில் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமில்லை.

அந்த வாரமே லாட்ஜ் டிரைவரை அழைத்துக்கொண்டு, அதே காரில் அம்மாவை ஏற்றி மேலே கொண்டுபோனோம். மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டாள். யார் இறக்கிவிட்டது, எதற்காக ரோஷம் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை. அத்தனை வளைவிலும் ஒரு குமட்டல்கூட இல்லை. ஜன்னலில் சாய்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் அக்கா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை உருவிக்கொண்டாள். "ஏனுங்க, நீங்க யாரு ஊட்டுப் பொண்ணுங்க?" என்று பெற்ற மகளை மரியாதையாகக் கேட்டாள். காரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காரின் பின்கதவு சாத்தியிருந்தது. அதில் அக்காவின் உருவம் விழுந்தது. அந்தக் கறுப்பில் நரை தெரியவில்லை, முகச் சுருக்கம் தெரியவில்லை. அக்கா கல்யாணத்துக்கு முன்பு இருந்த மாதிரியே தெரிந்தாள். அம்மா கதவருகே குனிந்தாள். "வந்துட்டியா ராஜாமணி! எத்தன நாளாச்சு கண்ணு!" என்று கதவைத் தடவி முத்தம் கொடுத்தாள். அக்கா அவளைத் தன் பக்கம் திருப்பினாள். "நீங்க யாருங்க?" என்றாள் அம்மா.

மாமா, உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அழுகையும் வரவில்லை. இப்போது அம்மாவுக்கு அந்தக் கதவுக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அக்கா பின்னால் நின்று பேசுவாள். அம்மா கதவைப் பார்த்துப் பதில் சொல்வாள். பனி இறங்கினால் கதவு மங்கிவிடுகிறது. "புள்ள போயிட்டாளே" என்று அம்மா அழ ஆரம்பிக்கிறாள். அக்கா முட்டிவலியோடு பக்கெட்டையும் துணியையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். நீங்கள் சொன்னபடியே தண்ணீர் ஊற்றி, மெழுகு பூசி, நேர்க்கோட்டில் துடைக்கிறாள். உங்கள் கார் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள் மாமா.