அண்ணி என்று கூப்பிட்ட வீடியோ

பேரீச்சம்பழத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சித்தப்பா வாங்கிப் போட்ட பழைய படகு இன்ஜின் ஒன்று கொல்லையில் கிடந்தது. இன்றைக்குச் சரிசெய்கிறேன், நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருக்க, கோழி அதற்குள் முட்டையிட ஆரம்பித்துவிட்டது. அவர் இல்லாத ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்தார். அம்மா இன்ஜினைப் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வந்த சித்தப்பா விஷயம் தெரியாமல், நன்றாக இருக்கிறதே என்று அதில் பாதியைத் தின்றார். பிறகு கை கழுவக் கொல்லைக்குப் போனார். திரும்பி வந்தவர் அம்மாவிடம் பேசவில்லை.

அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு எங்களுடையது. முன்னறைதான் சித்தப்பாவின் கடை. தார்ப்பாய், ஆட்டோ சீட் உறை, படகு மூடும் படுதா எல்லாம் தைப்பார். அய்யா, அதாவது என் அப்பா, வேன் ஓட்டப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அதில் இருவர் பேசிக்கொள்ளாவிட்டால் மூன்றாவது ஆளின் பாடு என்ன ஆகும்? சித்தப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க சித்தப்பாட்டச் சொல்லு, சோறு ஆறுது" என்பாள் அம்மா. "பசிக்கலைன்னு சொல்லுத்தா" என்பார் அவர். நான் இரண்டையும் ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பிப்பேன். அந்த வயதில் அது எனக்குப் பெரிய உத்தியோகமாக இருந்தது.

இந்த நிலையில்தான் பரமக்குடியில் மூடிப்போன ஒரு கூடாரக் கடையிலிருந்து சித்தப்பா ஒரு தையல் மிஷினை வாங்கிவந்தார். சாதாரண மிஷின் இல்லை. கம்பெனிகளில் தோலும் கனத்த படுதாவும் தைக்கிற ராட்சசன். வயதில் அய்யாவுக்கு மூத்தது. ஆள் கூட்டி வண்டியிலிருந்து இறக்கி, ஓட்டிப் பார்த்தால் ஊசி ஏறுகிறது, இறங்குகிறது, துணியில் ஓட்டை விழுகிறது. தையல் மட்டும் விழவில்லை. மேல்நூலும் கீழ்நூலும் அம்மாவும் சித்தப்பாவும் மாதிரி ஒன்றையொன்று தொடவேயில்லை. ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பார்த்தார், தட்டினார், டீ குடித்தார்.

"இதுக்கெல்லாம் புக்கே கிடையாதுப்பா. செஞ்சவனே மறந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் தைக்காவிட்டால் இதுவும் பழைய இரும்புக்குத்தான் என்றார் அய்யா. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நானும் திருப்பூருக்குப் போறேன். பனியன் கம்பெனில கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். அன்றைக்கு அம்மா யாருக்கும் எதுவும் சொல்லியனுப்பவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சித்தப்பா இல்லாத வீட்டில் யார் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள்?

மிஷினின் பெயர்த்தகட்டில் யாரோ பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுரண்டியதில் சில எழுத்துகளும் ஓர் எண்ணும் கிடைத்தன. சித்தப்பா அவற்றைச் செல்போனில் போட்டுத் தேடினார். முதலில் லாரி டயர் வந்தது, அப்புறம் தண்ணீர் மோட்டார் வந்தது, கடைசியில் ஒரே ஒரு வீடியோ வந்தது. அச்சு அசல் அதே மிஷின்! பேசியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. முகம்கூடக் காட்டவில்லை, சுருக்கம் விழுந்த இரண்டு கைகள் மட்டும்தான். முக்கியமான இடம் வரும்போது ஒரு பூனை மேஜையில் ஏறி உட்கார்ந்து மறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா கழுத்தை வளைத்துப் பூனைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

பூனை போனதும் அந்தக் கைகள் மிஷினுக்கு அடியில் ஒரு திருகைத் தளர்த்தும். உடனே அந்த மனிதர், "அண்ணி… அண்ணி…" என்பார்.

"கேட்டியாத்தா!" சித்தப்பா துள்ளினார். "அடியில வேல பாக்க ரெண்டு கையும் வேணும். மேல சக்கரத்தப் பிடிக்க ஆள் வேணும்ல? அதான் அவுக அண்ணியக் கூப்பிடுறாரு."

நியாயமாகத்தான் பட்டது. நான் சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா கும்பகோணத்துக்காரி. மதினி என்றால் யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கிறது, அண்ணி என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்று கல்யாணமாகி வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாளாம். ஆக, எங்கள் தெரு முழுக்க மதினிகள். அண்ணி ஒருத்திதான்.

வியாழக்கிழமை மத்தியானம் சித்தப்பா மிஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்துவிட்டு, முழங்காலிட்டு மேஜைக்கடியில் குனிந்திருந்தார். ஸ்டூலின் மேல் போன் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூனை வந்தது, போனது.

"அண்ணி! அண்ணி!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக்கையோடு அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"என்ன தம்பி?"

நிமிர்ந்த வேகத்தில் சித்தப்பாவின் தலை மேஜையில் இடித்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நான் என் உத்தியோகத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பவள். "அம்மா, உன்னைச் சித்தப்பா கூப்பிடல. போன்தான்…"

"நீ வாய மூடு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"இந்தச் சக்கரத்தப் பிடிக்கணும்" என்று சித்தப்பா மேஜைக்காலிடம் சொன்னார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள்.

"கொஞ்சம் முன்னால."

"எவ்வளவு?"

"ஒரு நூல்."

"எந்த நூலு? தைக்கிற நூலா, அளக்கிற நூலா?"

"அளக்கிற நூல்தான். ஐயோ, அது ரெண்டு நூலு!"

"அப்ப நீங்களே பிடிச்சுக்குங்க."

"சரி சரி, கோவிச்சுக்காம பிடிங்க அண்ணி."

இந்தத் தடவை குரல் போனிலிருந்து வரவில்லை. அம்மா சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊசி கீழே போய்ச் சற்றே மேலெழும் நேரத்தில், அடியிலிருக்கும் கொக்கியின் முனை அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அது மேல்நூலைக் கவ்விக் கீழ்நூலோடு கோர்க்கும். பூனை மறைத்தது இதைத்தான். சண்டை போட்டுச் சண்டை போட்டு இருவரும் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சித்தப்பா திருகை முடுக்கினார்.

தைத்துப் பார்க்க அம்மா தன் தோளில் கிடந்த கரித்துணியைக் கொடுத்தாள். மிஷின் அதைக் கீழே கிடந்த தார்ப்பாயோடு சேர்த்து அடித்த அடியில், யாராலும் பிரிக்க முடியவில்லை. எங்கள் கரித்துணி வெகுகாலம் ஒரு படகின்மேல் கடலுக்குப் போய்வந்தது.

பல வருஷம் கழித்துக் கல்லூரி விடுதியில் கொரியா நாடகமாகப் பார்த்துத் தள்ளும் தோழி ஒருத்தி எனக்கு வாய்த்தாள். அந்தப் பாஷையில் 'அனி' என்றால் 'இல்லை, அப்படியில்லை' என்று அர்த்தமாம். பாவம் அந்த வீடியோக்காரர், அப்படிச் செய்யாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். இதை இன்றுவரை நான் வீட்டில் சொல்லவில்லை.

அன்றைக்கு மிஷின் தைத்தது, திருப்பூர்ப் பேச்சு அடங்கியது. ஆனால் மறுநாள் இருவரும் பழையபடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். யாராவது என்னைத் தூது அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. டீ நேரம் வந்ததும் சித்தப்பா போனை எடுத்து அதே வீடியோவைப் போட்டார். "அண்ணி… அண்ணி…" அம்மா டீயோடு வந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

எனக்குத் தாங்கவில்லை. போனில் நெட் தீர்ந்தால் நான் எப்படிக் கார்ட்டூன் பார்ப்பது? அய்யாவிடம் போய், "ஓடுற மிஷினுக்கு எதுக்குய்யா ரிப்பேர் வீடியோ?" என்று முறையிட்டேன்.

அய்யா மீசைக்குள் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் ரிப்பேர் பாக்கி இருக்குத்தா."

நான் போய் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அடியில் படுத்தும் பார்த்தேன். அது நன்றாகத்தான் தைத்துக்கொண்டிருந்தது.