கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தவர்

கட்டிங் மாஸ்டர் போன் செய்தபோது நான் மஞ்சள் வாத்துகளுக்கு நடுவே இருந்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து முடிக்கேன்" என்று என்னோடு டிசைன் போடும் பொன்மணி பாதியில் விட்டுப்போன டிசைன் அது. "பொன்மணியம்மா தவறிட்டாங்களாமுங்க" என்றார் மாஸ்டர். வாத்துகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொன்மணியோடு வேலை செய்தவர்களுக்கு அவர் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்டிங் மெஷின் ஓடும்போதும் அது தனியாகக் கேட்கும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எத்தனையோ வருடம் திருப்பூரில் இருந்தும் அவர் பேச்சு கொங்குப் பக்கம் சாயவேயில்லை. நான் "ஏனுங்க பொன்மணி" என்றால், அவர் "என்ன அண்ணாச்சி" என்பார். இப்படிப்பட்ட சத்தக்காரிக்கு வாய்த்த வேலை, துணியில் எதுவும் துருத்திக்கொண்டு தெரியாமல் பார்த்துக்கொள்வது! ஒரு சதுரத்துக்குள் படம் வரைவோம். அதே சதுரம்தான் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஒன்றோடொன்று சேரும் இடம் கண்ணில் படக் கூடாது. "கிட்டத்துல பாத்தா எல்லாஞ் சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. எட்ட நின்னு பாக்கணும்" என்பார்.

குழந்தைகள் பனியனுக்கு அவர் போட்ட யானை டிசைன் நினைவிருக்கிறதா? காதர்பேட்டை மொத்த வியாபாரிக்குப் பிடித்துப்போய், பிரிண்டிங் ஸ்க்ரீன் செய்யவும் கொடுத்தாயிற்று. மறுநாள் பொன்மணி அதன் பெரிய பிரிண்ட் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். சுவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வாசலைத் தாண்டிப் போனார். வெளியிலிருந்து சத்தம் வந்தது: "அய்யய்யோ, கோடு ஓடுதே!" முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்க்ரீன் வேலையை நிறுத்தச் சொல்லிப் போனும் போட்டுவிட்டார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? ஆர்டர் கையை உட்டுப் போயிருமுங்க!" முதலாளி வந்து குதித்தார்.

"மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க மொதலாளி. அப்படியே பின்னால நடங்க. நான் சொல்லுத வரைக்கும் நிக்காதீங்க."

முதலாளி நடந்தார். நிறுத்தச் சொல்ல பொன்மணி மறந்தாரோ, மறந்ததுபோல் இருந்தாரோ, வெளியே இருந்த தண்ணீர் டிரம்மில் முதுகு இடித்துத்தான் முதலாளி நின்றார். திட்ட வாயெடுத்தவர் சுவரைப் பார்த்து அடங்கிவிட்டார். யானைகளெல்லாம் மங்கி, நடுவே வெள்ளையாக ஒரு பாதை மேலிருந்து கீழே ஓடியது. "அட, ஆமாங்க" என்றார். பொன்மணி ஒரே ஒரு யானையைக் கொஞ்சம் நகர்த்தினார். பாதை மறைந்தது, ஆர்டரும் தப்பித்தது. அன்றிலிருந்து அந்த டிரம்மை யாரும் நகர்த்த அவர் விட்டதில்லை. அந்த டிரம் வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்து, "கோடு இல்ல அண்ணாச்சி, அனுப்பும்!" என்று அவர் கத்தினால்தான் எந்த டிசைனும் வெளியே போகும்.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்ப்யூட்டரில் வாத்துகளைத் திறந்தேன். சதுரத்தின் வலது ஓரம் இடது ஓரத்தோடு சேராமல் கிடந்தது. அவருடைய கடைசி டிசைனில் என் கை பட்டுக் கோடு விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு வாத்தாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்து ஒருவழியாக முடித்தேன். பிரிண்ட்டைச் சுவரில் ஒட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தேன். வாசலில் நின்ற முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். முதுகில் டிரம் தட்டியது. எங்கு பார்த்தாலும் மஞ்சள். அவர் விட்ட இடமும் நான் தொட்ட இடமும் எனக்கே தெரியவில்லை.

பொன்மணி, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பின்நடையைத்தான். உங்கள் குரலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு மெஷின் சத்தத்துக்கு மேலே நானே கத்தினேன்: "கோடு இல்ல அண்ணாச்சி, அனுப்பும்!"