ஓநாய் அட்டையின் எட்டுப் பாட்டுகள்

கோட்டுக்காரம்மாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எப்படி ஆகும்? வாரம் பூராவும் சலவைக் கடையில் நீராவி இஸ்திரியின் சீறலைக் கேட்டு அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், கூடத்தில் இரண்டு ஆம்பளைகள் ஹெவி மெட்டல் என்கிற கிடார், ட்ரம்ஸ் இரைச்சலை அலறவிட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். ஒருவர் கட்டிய புருஷன். இன்னொருவர் கூடப்பிறந்த அண்ணன். யாரை வெளியே தள்ளுவாள், சொல்லுங்கள்?

தெருமுனையில் இருக்கிறது அவள் கடை. சட்டை, திரைச்சீலை எல்லாம் வரும் என்றாலும் கோட்டுக்குத்தான் அவளிடம் வருவார்கள். தோள்பட்டையில் ஒரு சுருக்கம் விழாமல் கோட்டுக்கு இஸ்திரி போட அந்த வட்டாரத்தில் வேறு கை கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் கல்யாணமாகாதவர், முதலில் கப்பலில் சமையல் வேலை, பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை.

கப்பலில் போன அண்ணன் துறைமுகம் துறைமுகமாக இறங்கி, கூட வந்தவர்கள் சென்ட்டும் துணியும் வாங்க, இவர் மட்டும் ஹெவி மெட்டல் இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து கேட்கத் துணைக்கு ஆள்தான் இல்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனுடைய அறை மூலையில் அதே மாதிரித் தட்டுகள் ஒரு அடுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, "பையன் சொக்கத் தங்கம்" என்றார். என்ன சம்பளம் என்று அப்பா கேட்டதற்கு முழித்தாராம்.

"எங்கண்ணன் எனக்கு மாப்பிள்ளை பாக்கல. தனக்குக் கூட்டாளி பாத்துக்கிட்டான்" என்று கோட்டுக்காரம்மா சொல்லாத நாள் கிடையாது.

அந்தக் கூட்டாளிகளின் ஞாயிற்றுக்கிழமை வேலை என்னவென்றால், பழைய தட்டு ஒன்றை எடுத்து, அதிலிருக்கும் பாட்டுகளை முதலிடம் தொடங்கிக் கடைசி இடம் வரை வரிசைப்படுத்துவது. பாடுகிறவன் என்ன பாடுகிறான் என்பது இருவருக்குமே தெரியாது. தட்டின் பெயர் கூடத் தெரியாது. உறை அட்டையில் என்ன படமோ அதுதான் பெயர். மண்டையோட்டு அட்டை, தீப்பந்த அட்டை, ஓநாய் அட்டை. பாட்டுகளுக்கும் அவர்களே பெயர் வைத்தார்கள்: குதிரை, சம்மட்டி, கூரையைப் பிய்க்கிறவன். சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டையை அவள் கடையிலிருந்து சுட்டுக்கொண்டு வந்து, பாட்டுக்கொரு துண்டாக வெட்டி, பாட்டின் பெயரை எழுதி, கூடத்தின் குறுக்கே கட்டிய கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். கிளிப்பும் அவள் கடையில் சுட்டதுதான். ஜன்னல் ஓரம் முதலிடம். குளியலறைக் கதவோரம் கடைசி இடம்.

சட்டம் ஒன்றே ஒன்று. அட்டையை நகர்த்துகிறவன் காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்தவன் அதைத் திருப்பி நகர்த்தலாம், ஆனால் அவனும் புதிதாக ஒரு காரணம் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ எல்லாம் காரணத்தில் சேர்த்தி இல்லை. அட்டைகள் அடுத்த ஞாயிறு வரை தொங்கும். புதன்கிழமை காலையில் புருஷன் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து தலையை நீட்டி, "ட்ரம்ஸ்காரன் பாதியில களைச்சுப்போயிட்டான், அதனால சம்மட்டி நாலாவது!" என்று கத்துவார். வீட்டில் கேட்க இவள் ஒருத்திதான் இருப்பாள். இவள் எந்த அட்டையையும் தொட்டதில்லை. தலையெழுத்தே என்று குனிந்து கடந்துபோவாள்.

ஓநாய் அட்டையில் எட்டுப் பாட்டு. அதில் ஒன்று, தனியாக ஒரு கிடார் அழுதுகொண்டே தொடங்கும். புருஷன் அதற்கு வைத்த பெயர் அழுமூஞ்சி. அவர் அதை ஆறாவது இடத்தில் மாட்டினார். அண்ணன் எடுத்து முதலிடத்தில் மாட்டினார். அந்த ஞாயிறு முழுக்க அது கயிற்றில் போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் அண்ணன் மாட்டியபடி ஜன்னலோரமே நின்றது. அண்ணன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வாரமே ஒரு நாள், வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்களும் போனபிறகு, புருஷன் வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஒன்றுதான் மாறியது. எதற்கெடுத்தாலும் ‘சரி’ என்றார். குழம்பில் உப்பு தூக்கலா என்று கேட்டால் சரி. சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கலாமா என்றால் சரி. பழைய சோபாவை வித்துடலாமா, சரி. பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தன்மையா மாறிட்டார்! கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். கோட்டுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்மையாம், தன்மை! காலையில் பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷை எந்தப் பக்கம் வைப்பது என்று வாதாடின மனுஷன் அவர்.

பிறகு ஒரு நாள் அவரோடு வேலை பார்க்கிறவர் கோட்டு வாங்கக் கடைக்கு வந்தார். போகாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முன்னெல்லாம் லிஃப்ட் கயிறு நல்லா இருக்குன்னு நான் சொன்னா, உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கவே மாட்டார். எங்க நல்லா இருக்கு, காட்டுன்னு உயிரை எடுப்பார். இப்ப நான் என்ன சொன்னாலும் சரின்னு கையெழுத்துப் போட்டுடறார். எனக்கு பயமா இருக்குக்கா. நான்தான் ரெண்டு தடவை பாத்துக்கிறேன்."

அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடவில்லை. அண்ணன் ஒரேயடியாகப் போய்விட்டார். இவரோ கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தாள். பயந்தாள் என்றே சொல்லலாம். இந்த மனுஷனை எப்படியாவது ஒரு தடவை ‘இல்லை’ என்று சொல்லவைக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேராகப் போய், அண்ணன் போனதிலிருந்து கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்த அழுமூஞ்சியைப் பிடுங்கிக் குளியலறைக் கதவோரம் மாட்டினாள். "பாடுறவனுக்கு ஜலதோஷம். அதனால கடைசி!" என்று கத்தினாள். அண்ணன் பேசுகிற பாணி அப்படியே. புருஷன் நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார். பாட்டையே கேட்காமல் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவள் வெட்கத்தோடு அட்டையைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் அண்ணன் வீட்டிலிருந்து வந்த, தட்டு ஓட்டும் பிளேயரையும் ஓநாய் அட்டையையும் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். முதல் நாள் தலைவலி. துணி கொடுக்க வந்த ஒருவர் வாசலோடு திரும்பிவிட்டார். மறுநாளும் போட்டாள். அதற்கடுத்த நாள், கோட்டின் கைப்பகுதியை நீட்டிவிட்டு இஸ்திரியை அழுத்தும்போது, எந்த இடத்தில் ட்ரம்ஸ் வந்து விழும் என்று அவளுக்கே முன்கூட்டித் தெரிந்தது. அட, என்றாள். வார முடிவில், குதிரையும் சம்மட்டியும் அவளுக்கு வேறு வேறாகக் கேட்டன. அழுமூஞ்சி வந்தால் கை வேலையை நிறுத்தியது.

ஞாயிறு மத்தியானம். புருஷன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் கயிற்றருகே போய் நின்றாள்.

"ஏங்க, அழுமூஞ்சி முதலிடத்துலதான் இருக்கணும்."

"சரி."

"எங்கண்ணன் வச்சான்னு சொல்லல. எனக்கே பிடிச்சிருக்கு. காரணம் கேளுங்க."

"சொல்லு."

"ஊசியை வச்ச உடனே ஒருத்தன் மட்டும் தனியா அழறான். கேக்கறவன் வேலையைப் போட்டுட்டு உக்காந்துடறான். அப்புறம்தான் மத்தவனெல்லாம் வர்றான். ஒரு தட்டு ஆரம்பிச்சா இப்படித்தான் ஆரம்பிக்கணும்."

அவர் தலையைத் தூக்கினார்.

"எது ஆரம்பிச்சா?"

"இந்தத் தட்டுதான். இதுதானே முதல் பாட்டு?"

"முதல் பாட்டா?"

"ஆமா. வாரம் முழுக்கக் கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அடியே, அது அஞ்சாவது பாட்டுடி! நீ ரெண்டாம் பக்கத்தை முதல்ல போட்டுக் கேட்டிருக்க!"

கப்பலில் நனைந்து நனைந்து அந்தத் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ போய்விட்டது. எது எந்தப் பக்கம் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வாரம் பூராவும் பின்னாலிருந்து முன்னால் கேட்டிருக்கிறாள்! அந்த அவமானத்தில், அவர் கத்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவர் நிறுத்துவதாயும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"முதல் பக்கம் நாலு பாட்டும் என்னமா ஓடுது! அந்த ஓட்டத்துக்குக் குறுக்க வந்து உக்காந்துக்கிட்டு மூக்கைச் சிந்துது இது. எத்தனை வருஷமா உங்கண்ணன்கிட்ட இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், அந்த மண்டையில ஏறுனாத்தானே? இதுல நீ வேற, தலைகீழாக் கேட்டுட்டு வந்து எனக்குக் காரணம் சொல்ற!"

"எனக்கு ஓட்டம் ஒண்ணும் நிக்கலையே. அதுலதான் ஆரம்பிச்சுது."

"தப்பாப் போட்டா அப்படித்தான் இருக்கும்!"

"என்ன தப்பு? அஞ்சாவது மாடியில லிஃப்ட்ல ஏறுறவனைப் பாத்து, தப்பான எடத்துல ஏறிட்ட, கீழ போய் ஏறிட்டு வான்னு சொல்வீங்களா?"

மச்சான் இருந்த காலத்தில்கூட லிஃப்டை வைத்து அவரை யாரும் மடக்கியதில்லை. விறுவிறுவென்று கயிற்றருகே வந்து, அழுமூஞ்சியின் கிளிப்பை அழுத்தினார். அப்படியே நின்றுவிட்டார்.

"எடுங்க. காரணம்தான் சொல்லிட்டீங்களே. ஆறாவது எடத்துல கொண்டு போய் மாட்டுங்க."

"முடியல."

"ஏன்?"

"நான் நகர்த்திட்டா திருப்பி நகர்த்த ஆள் இல்லையே. அது அங்கேயே நின்னு போயிடும். நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்." அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அவனை ஜெயிக்க வேண்டாம்."

இத்தனை நாளாக அவர் சொன்ன சரிகள் எல்லாம் எங்கேயிருந்து வந்தன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வந்தவர் போனவர் எல்லாம் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். கூட்டாளி போயிட்டானே என்றார்கள். இவளும் அவரைப் பார்த்துக்கொள்வதிலேயே இருந்துவிட்டாள்.

"நான் இருக்கேன்ல. நகர்த்துங்க" என்றாள்.

அவர் கிளிப்பைக் கழற்றி, மெல்ல நடந்து, ஆறாவது இடத்தில் மாட்டினார். அவள் உடனே அதைக் கழற்றி ஜன்னலுக்கே கொண்டுபோனாள்.

"காரணம்?" என்றார். "லிஃப்ட் கதை சொல்லியாச்சு. புதுசாச் சொல்லணும்."

அவள் யோசித்தாள். ட்ரம்ஸ், கிடார், பாடுகிறவன் குரல் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"எங்கண்ணனை மனசு தேடுதுங்க" என்றாள். சொன்னதும் அழுதாள். சாவு வீட்டில் அவள் இப்படி அழவில்லை.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனாலும் தலையைப் பலமாக ஆட்டினார்.

"இல்ல. இதெல்லாம் காரணத்துல சேர்த்தி இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பாட்டைப் பத்தி ஒழுங்கா ஒரு காரணம் கொண்டு வா. அதுவரைக்கும் வேணா அங்கேயே இருக்கட்டும்."