நசீரா மிஸ்ஸும் என் மில் லோனும்

நசீரா மிஸ் மௌத்தாகிவிட்டார்...

முருங்கன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் என் மகள்தான் காலையில் கோல் எடுத்து மரணச் செய்தியைச் சொன்னாள். இன்னும் நம்ப முடியவில்லை.

பேசாலையில் என் மில்லைத் தெரியாதவர்கள் குறைவு. தூளும் மாவும் அரைக்கிற சின்ன மில். அது யாரால் வந்தது என்று பலருக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம். கடைசிச் சண்டையில், வன்னியில் என் கணவர் காணாமல் போயிருந்தார். இரண்டு பிள்ளைகள்... வருமானம் இல்லை. பேங்குக்குப் போனேன்.

மனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் ரூல்ஸ்.

"தோட்டமெண்டால் ஒரு லோன் இருக்கு, மீன்பிடியெண்டால் ஒரு லோன் இருக்கு. மில்லுக்குத் தனிநபர் சிறுதொழில் லோன்தான். அதுக்கு உங்கட அவரும் கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி மரணச் சான்றிதழைக் கொண்டுவாங்கோ. காணாமல் போனவைக்கு இப்ப அதைச் சுகமா எடுக்கலாம்."

எழும்பி வந்துவிட்டேன்.

வாசல்வரை பின்னால் ஓடி வந்தவர் லோன் பிரிவில் இருந்த நசீரா மிஸ். அதுவரை பேசிப் பழக்கமில்லை.

"லோனுக்காக அந்தச் சான்றிதழை எடுக்காதேங்கோ. நான் ஹெட் ஒஃபிசுக்கு எழுதிப் பாக்கிறன்."

அடுத்த கிழமை வீடு பார்க்க வந்தார். அதுவும் ரூல்ஸ்தான். மில் போடும் இடத்தை அளந்தவர், சுவரோரம் நின்ற சைக்கிளின் டயரை அமத்திப் பார்த்தார்.

"இதை ஆர் ஓடுறது?"

"ஒருத்தரும் இல்லை மிஸ். என்ர அவரின்ர சைக்கிள். காத்துப் போகாமப் பாத்துக்கொள்ளுறன்."

மிஸ் கதிரையில் இருந்துவிட்டார். கண் கலங்கிப்போயிருந்தது.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரோடும் சொந்த ஊரான முசலியிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடம் புத்தளம் முகாமில் இருந்தவர் அவர்.

"எங்கட வாப்பா எந்த ஃபோர்மிலயும் புத்தளம் எண்டு எழுதேல்ல. கடைசிவரைக்கும் முசலிதான்" என்றார்.

மூன்று கடிதம் எழுதினார். இரண்டுக்கு முடியாது என்று பதில். ஏழு மாதம் கருவாடு காயவைக்கிற வேலைக்குப் போனேன்.

மூன்றாவதுக்குச் சம்மதித்தார்கள். கணவரின் கையெழுத்துக்குப் பதிலாக, குடும்பத்தை நடத்துவது நான்தான் என்று கிராம சேவகரின் கடிதம், அரசாங்கச் சம்பளக்காரர் இரண்டு பேர் பிணை. ஒருவர் என் பிள்ளைகளின் டீச்சர். மற்றவர் முன்பின் தெரியாத ஒரு தபால் கந்தோர் ஐயா. அவரை மிஸ்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

விண்ணப்பம் நிரப்பும்போது 'திருமணமானவர்', 'விதவை' என்று இரண்டு கட்டம். என் கை நின்றுவிட்டது.

மிஸ் பேனையை வாங்கித் 'திருமணமானவர்' என்பதில் புள்ளடி போட்டார்.

"இனிக் கையெழுத்து வைங்கோ பிலோமினா."

அந்த லோன் எப்போதோ கட்டி முடிந்தது. மிஸ்ஸும் பென்ஷனில் போய்விட்டார். ஆனால் எங்கே கண்டாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒன்றைத்தான்.

"அவரைப் பற்றி ஏதும் சேதி வந்ததா?"

இப்போது என் கூடப்பிறந்தவர்கள்கூட அதைக் கேட்பதில்லை. மிஸ் மட்டும்தான்...

போன நோன்புப் பெருநாளுக்கு முந்தி மில்லுக்கு வந்தபோதும் கேட்டார். "இல்லை மிஸ்" என்றேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முசலியில் அடக்கமாம். முசலி பஸ்ஸில் இருந்து இதை எழுதுகிறேன்.

இனி என் மனசு உங்களைத் தேடும் மிஸ்...