பஸ்ஸில் கேட்ட ஒப்பாரி

அந்த இசைத்தொகுப்பின் நான்காவது பாட்டை நான் எழுதவில்லை. திருடினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண், இறந்துபோன தன் கணவரின் காலடியில் உட்கார்ந்து அழுதபடி பாடிய ஒப்பாரி அது. என் பாட்டு என்று சொல்லி ஓர் இசைக்குழுவிடம் கொடுத்தேன்.

கொட்டகலைப் பக்கம் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். செத்த வீட்டில் ஆண்கள் வெளியே நாற்காலியில் இருப்போம். பெண்கள் உள்ளே அழுவார்கள். அன்று தப்பு மேளச் சத்தம் சற்று ஓய்ந்தபோது அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"காஞ்சிருச்சே ஒன் சுவெட்டரு ராசா – அதப்
போட்டுக்காம போனியே குளிருக்குள்ள."

சட்டைப்பையில் கிடந்த மரண அறிவித்தலின் பின்புறத்தில் அதையும் அடுத்து வந்த வரிகளையும் எழுதிக்கொண்டேன்.

சில மாதங்கள் போயின. ஹட்டனில் நான்கு இளைஞர்கள் ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். சைக்கடெலிக் பாப் என்கிறார்கள். கித்தார் ஒலியை இழுத்து, பின்னோக்கி ஓடவிட்டு, ஒரு சொல்லைப் பத்து மலையில் மோதித் திரும்ப வைப்பார்கள். பாடுகிறவன் என்னிடம் படித்தவன். போன் கடையில் வேலை. புதிய தொகுப்புக்குப் பாட்டுக் கேட்டு எல்லோருமாக வீட்டுக்கு வந்தார்கள்.

"மெட்டு சந்தோசமா இருக்கும் சேர். வார்த்த அழணும். ஆடிக்கிட்டே இருக்கிறவனுக்குத் திடீர்னு தொண்ட அடைக்கணும்."

என் கவிதைகள் நாலைந்தை வாசித்தேன். "நல்லாருக்கு சேர்" என்று தேநீரைக் குடித்தார்கள். டிரம்ஸ் அடிக்கிறவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, முன்பக்கத்துப் படம் தெரியாமல் மடித்துப் பிடித்தபடி வாசித்தேன். டிரம்ஸ்காரன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"இது நீங்க எழுதினதா சேர்?"

"ஆமாம்" என்றேன்.

துக்கம் இல்லாத இடத்தில் ஒப்பாரியை முணுமுணுத்தாலே எங்கள் பெண்கள் வாயில் அடிப்பார்கள், யாரைச் சாகக் கூப்பிடுகிறாய் என்று. வகுப்பில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தொகுப்பு வந்தது. இனிப்பும் கசப்புமாக நல்ல தொகுப்புத்தான். நான்காவது பாட்டு மட்டும் ஓட்டோக்களில், சலூன்களில், கல்யாண வீடுகளில்கூட ஓடியது. வழியில் நிறுத்திப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைத் தாண்டிப் போகும் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு, சுற்றுப் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் எனக்கு இரண்டு ஆசனம் முன்னால் இருந்தார். பாட்டு ஆரம்பித்தது. பின்னால் பையன்கள் ஆசனத்தில் தாளம் போட்டார்கள். அவர் எழுந்தார்.

"தம்பி, அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க. பஸ்ஸுக்குள்ள பொணமா கெடக்கு?"

"ஐயோ அக்கா, இதுதான் இப்ப ஹிட்டு" என்று நடத்துநர் சிரித்தான். "எழுதின சேரே இந்தா பின்னால இருக்காரு. வேணும்னா அவர்கிட்டயே சண்ட புடிங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய இடத்துக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. மழையில் இறங்கிவிட்டார்.

மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். நாலாம் நாள் போன் கடைக்குப் போய்ப் பாடகனிடம் உண்மையைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே போய்க் கேட்டிருப்போமே சேர்" என்றான். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருவரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, தப்பு என்னோடது. பாட்டுல ஒங்க பேரப் போடச் சொல்றேன்."

"என் பேரா? புருசன் செத்த எடத்துல பாட்டுக் கட்டினவளாம்னு ஊரே சிரிக்கவா? அடுத்த மாசம் அவருக்கு வருசத் திதி சேர். அன்னிக்கு நான் எதச் சொல்லி அழுவேன்? பஸ்ஸுல ஓடுறதையா?"

பாடகன் அந்த இடத்திலேயே, "எடுத்துர்றோம்க்கா" என்றான். அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு அது. சொன்னபடியே தொகுப்பிலிருந்து நீக்கினார்கள். நான் செய்ததை நானே எழுதிக் கொடுத்தேன். இசைக்குழுவின் பேஸ்புக் பக்கத்தில் அப்படியே போட்டார்கள். பழைய மாணவர்கள் சிலர் என்னைத் திட்டி எழுதினார்கள். பலர், பாட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். ஏற்கனவே இறக்கி வைத்திருந்தவர்களின் போன்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திதிக்கு யாரும் என்னை அழைக்கவில்லை. போனேன். வாசலோரம் நின்றேன். படத்துக்கு முன்னால் படையல் வைத்த பிறகு, பெண்கள் அவரைச் சுற்றித் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர முடியும். இரண்டு முறை மூச்சை இழுத்தார். குரல் வரவில்லை. ஒரு கிழவி மெதுவாக அவர் முதுகைத் தட்டி, "அழுதுரு புள்ள" என்றாள். அவர் முடியவில்லை என்று தலையை ஆட்டினார்.

எழுந்து, சோறு பரிமாறப் போனார். என் இலைக்கு முன்னால் வந்தபோது நிற்கவில்லை. அவருடைய தங்கைதான் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.