தாயார் படத்துக்குப் பின்னால் ஏழாம் நம்பர்

திருச்சானூர்ல கோவர்த்தனன் பிரேம் கடைன்னா என் கடைதான். இருபத்தாறு வருஷமா சாமி படத்துக்கு பிரேம் போடுறேன், எவனும் குறை சொன்னதில்ல. சுலோச்சனா சொன்னா. சொன்னது சரி, அதான் எரிச்சல்.

நகரியில பவர்லூம் துணியில இழை அறுந்திருக்குதான்னு பார்க்கிற வேலை அவளுக்கு. நாள் பூரா கோடு பார்த்துக்கினு இருக்கிறவ, சம்பளம் வந்தா அதையும் கோட்டுலதான் போடுவா. ஓவியர் வெறும் கோடாவே வரைஞ்சு, அச்சடிச்சு நம்பர் போட்ட படங்க. ஒரு படத்துக்கு நாப்பது பிரதின்னா நாப்பதுதான், அப்புறம் அச்சே போட மாட்டாங்க. வீட்ல பதினோரு படம். இந்தக் கறுப்புக் கோட்டுக்கா இவ்ளோன்னு ஊரே சிரிச்சுது. உங்களுக்குக் கண்ணு வேலை செய்யலன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போய்க்கினே இருப்பா.

பன்னிரண்டாவதை என்கிட்ட கொண்டாந்தா. தாள்ல ஒரு கோட்டு வரிசை, அதுக்கு முன்னால கண்ணாடித் தாள்ல இன்னொண்ணு. நடுவுல விரல் அகலம் இடைவெளி விடணும், அப்பதான் நாம நடந்தா கோடு அலை அடிக்குமாம். சென்னையில ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டிருந்தாங்க. தறி ஷெட்டுல வேலை செய்றவளோட படம் அங்க தொங்கப்போவுதேன்னு அவளுக்கு அவ்ளோ பெருமை.

இடைவெளியை அளந்து விட்டேன். ஆனா சாமி படத்துக்குப் பண்ற மாதிரியே வெள்ளை ஓரத்தை நறுக்கிட்டேன். படத்தை வாங்க வந்த சுலோச்சனா சொல்லித்தான் தெரிஞ்சுது, அதுலதான் பென்சில்ல 7/40ன்னு நம்பரும் ஓவியர் கையெழுத்தும் இருந்துதாம். அது இல்லன்னா கண்காட்சியில எடுக்க மாட்டாங்களாம். வெட்டின ஓரத்தை மடிச்சு, படம் ஆடாம இருக்க இன்னொரு பிரேமுக்குள்ள அடைக்கிறது என் வழக்கம். அன்னிக்கு அடைச்சது டிபன் கடை சென்னம்மா வாங்கின பத்மாவதி தாயார் படத்துல.

நானும் சுலோச்சனாவும் டிபன் கடைக்கு ஓடினோம். அதுக்குள்ள மஞ்சள் குங்குமம் வெச்சு, விளக்கும் ஏத்தியாச்சு. பூஜை ஆரம்பிச்ச படத்தை ஆணி பிடுங்கிப் பிரிக்க விடமாட்டேன்னு சென்னம்மா கறாரா சொல்லிட்டாங்க. நான் கெஞ்சினேன். சுலோச்சனா கெஞ்சல. தாயாரையே பார்த்துக்கினு நின்னா. கண்ணு கலங்கியிருந்துது.

"வேணாம்ண்ணா, அங்கயே இருக்கட்டும். நம்பர் ஒண்ணும் காணாம போவல. எங்க இருக்குதுன்னுதான் நமக்குத் தெரியுமே."

அதையே சென்னைக்கு ஒண்ணு விடாம எழுதிப் போட்டா. விஷயம் ஓவியர் வரைக்கும் போச்சு. அவரு சிரிச்சுட்டு, என் படம்தான், மாட்டுங்கன்னுட்டாராம்.

நானும் சென்னம்மாவும் போய்ப் பார்த்தோம். சென்னம்மா அது முன்னால நாலு தடவை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நடந்தாங்க. பக்கத்துல ஒரு அட்டை: "எண் 7/40. எண் இருக்கும் இடம்: சென்னம்மா டிபன் கடை, திருச்சானூர், தாயார் படத்துக்குப் பின்னால். உடையவர்: நகரி சுலோச்சனா." அதுக்குக் கீழ இன்னொரு வரி: "வெட்டியவர்: கோவர்த்தனன்."

இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் படத்துக்கு பிரேம் போட்டிருப்பேன்? ஒண்ணுலயும் என் பேரு கிடையாது. அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுக்கினே இதுல போட்டுட்டா, பாவி.